நடமாடும் இல்லமும் இரண்டாவது மின்கலவடுக்கும்

ஒன்றும் ஒன்றுங் கூடின் இரண்டாகும் என்பது பாலபாடத்தில் நாம் பயின்ற கணக்கு. எண்களின் உலகில் அக்கணக்கு என்றும் பொய்ப்பதில்லை. பொருள்களின் உலகிலோ, ஒன்றும் ஒன்றுங் கூடி இரண்டினும் மிகுதலும் உண்டு. ஒன்றினுங் குறைந்து ஈற்றில் யாதுமின்றி முடிதலும் உண்டு. இவ்வுண்மையை யான் நூலகத்திற் கற்றேனல்லேன். அவுஸ்திரேலியாவில் ஒரு வண்டியின் இருக்கைக்கு அடியிற் கிடந்த இரு பற்றரிகளிடத்தே கற்றேன்.

யான் சரித்திரம் கற்பிப்பவன். பௌதிகத்தைப் பாடசாலைப் பருவத்தோடு விட்டவன். ஆதலால் இக்கட்டுரையில் ஆராய்ச்சி நுட்பம் எதனையும் வாசகர் எதிர்பார்த்தல் வேண்டாம். புறநாடுகளில் வாழும் நம் கல்லூரிப் பழைய மாணவர் பலர் இத்தகைய வண்டிகளிற் பயணஞ் செய்கின்றனர். அவர்க்குப் பயன்படலாம் என்ற எண்ணமும், விஞ்ஞானப் பிரிவு மாணவர் தாம் கற்ற சூத்திரங்கள் எங்கே உயிர்பெறுகின்றன என்பதைக் காணலாம் என்ற எண்ணமுமே இதனை எழுதத் தூண்டின.

நிகழ்ந்தது

என் தமையனார் மெல்பேண் நகரில் வாழ்பவர். எங்கள் அன்னையாரும் அவரோடு இருக்கின்றார். 2023ஆம் ஆண்டின் இறுதியில் யானும் அங்குச் சென்றிருந்தபோது, அனைவரும் கரவன் வண்டியில் மறே ஆற்றங்கரையை நோக்கிப் புறப்பட்டோம். கரவன் என்பது மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படும் நடமாடும் இல்லம். படுக்கை, அடுப்பு, நீர்க்குழாய், விளக்கு, குளிர்சாதனப் பெட்டி ஆகிய யாவும் அதனுள் அமைந்திருக்கும். மின்வசதியுள்ள தரிப்பிடத்தில் நிறுத்தினால் வீட்டு மின்சாரத்தைப் பெறலாம். ஆற்றோரத்துக் காட்டுவெளியில் நிறுத்தினாலோ, வண்டியினுள் இருக்கும் மின்கலவடுக்கு ஒன்றே துணை. பேச்சு வழக்கில் நாம் பற்றரி என்பது இதனையே.

இரண்டாம் நாள் விடியற்காலையில் குளிர்சாதனப் பெட்டி நின்றுபோயிருந்தது. முதல்நாட் பகல் வெப்பம் நாற்பது பாகையை அணுகியிருந்தது. பெட்டியினுள்ளே அன்னையாரின் இன்சுலின் குப்பிகள் இருந்தன. திறவாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைத்தல் வேண்டும். பால் புளித்தால் கொட்டிவிடலாம். மருந்தின் வலிமை குன்றியதோ அன்றோ என்பது கண்ணுக்குப் புலப்படுவதன்று. ஐயத்தோடு அதனை ஏற்றுவதற்கு எவர்க்கும் மனம் ஒப்பவில்லை. பயணத்தை நிறுத்தி, புதிய மருந்து பெறுவதற்காக நகரத்துக்கு மீண்டோம்.

தமையனார் அன்றே புதிய மின்கலவடுக்கு ஒன்றை வாங்கிப் பழையதோடு இணைத்தார். "தம்பி, இனி இரண்டு இருக்கின்றன, பயமில்லை" என்றார். எஞ்சிய நாள்கள் இடரின்றிக் கழிந்தன. பின்னர் வண்டி ஏறத்தாழ இரண்டு மாதம் வீட்டுமுற்றத்தில் ஓய்ந்து கிடந்தது. அடுத்த பயணத்துக்கு ஆயத்தஞ் செய்து அளந்து பார்த்தபோது, பழையது மட்டுமன்றிப் புதியதும் உயிரற்றுக் கிடந்ததாம். புதியதைப் பழையது கெடுத்தது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

அடுக்கின் இயல்பு

கரவன் உல்லாசப் பயணத்தின் சரித்திரம் மின்சாரத்தோடு தொடங்கியதன்று. ஸ்கொத்லாந்து தேசத்தவரும் கடற்படை வைத்தியரும் எழுத்தாளருமான கோடன் ஸ்ரேபிள்ஸ் என்பார் 1885இல் 'வொண்டரர்' என்னும் தம் வண்டியிற் குதிரைகளைப் பூட்டிப் பிரித்தானியாவைச் சுற்றினார். இன்பப் பயணத்துக்கென்றே அமைக்கப்பட்ட முதற் கரவன் அதுவெனக் கூறுவர். 1907இல் இங்கிலாந்தில் கரவன் கழகமும் தோன்றியது. குதிரையின் இடத்தை மோட்டார் வண்டி பெற்ற பின்னரே மின்கலவடுக்கும் இவ்வில்லத்துட் குடிபுகுந்தது.

மின்கலவடுக்கோ அதனினும் மூத்தது. இத்தாலியரான உவோற்றா 1800இல் உலோகத் தட்டுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி மின்னோட்டம் பெற்றார். அடுக்கு என்னும் நம் கலைச்சொல்லுக்கு அதுவே பொருத்தங் காட்டும். ஆயின் அவ்வடுக்கு ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததே. மீண்டும் மின்னேற்றத்தக்க ஈயவமிலக் கலத்தை 1859இல் ஆக்கியவர் பிரெஞ்சு விஞ்ஞானியான காஸ்தோன் பிளாந்தே. இன்றும் மோட்டார் வண்டிகளில் நாம் காண்பது பெரும்பாலும் அவர் கண்ட கலத்தின் வழித்தோன்றலே.

இக்கலத்தில் நேர்த்தட்டு ஈயவீரொட்சைட்டாலும், மறைத்தட்டு ஈயத்தாலும் ஆயவை. இரண்டும் ஐதான சல்பூரிக்கமிலத்தில் தோய்ந்திருக்கும். மின்னைப் பெறும்போது இருதட்டுகளும் ஈயச்சல்பேற்றாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகின்றது. மின்னேற்றும்போது இம்மாற்றம் தலைகீழாக நிகழும். ஒரு கலம் ஏறத்தாழ 2.1 உவோற்று தரும். ஆறு கலங்கள் தொடராக இணைந்து 12.6 உவோற்றுத் தருகின்றன. நிறைந்த அடுக்கு ஓய்விலிருக்கும்போது ஏறத்தாழ 12.6 அல்லது 12.7 உவோற்றும், பாதி தீர்ந்தது 12.2 உவோற்றும், முற்றுந் தீர்ந்தது 11.9 உவோற்றுக்குக் குறைவாகவும் காட்டும். முழுமைக்கும் வறுமைக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஓர் உவோற்றினுங் குறைவு என்பதை வாசகர் மனத்திற் கொள்க. பின்னர் அது பயன்படும்.

தீர்ந்த நிலையில் நெடுநாட் கிடப்பின், சல்பேற்றுப் பளிங்குகள் பருத்து இறுகிவிடும். பின்னர் எத்துணை மின்னேற்றினும் அவை முற்றாகக் கரைவதில்லை. மின்கலவடுக்கு பயன்படுத்தலால் தேய்வதிலும், வெறுமையாகக் கிடத்தலால் விரைந்து அழிகின்றது.

சேமிப்பும் வருவாயும்

இரண்டாவது அடுக்கைச் சேர்ப்பவர் முதற்கண் அறியவேண்டியது, அது மின்சாரத்தை ஆக்குவதன்று, சேமிப்பது மாத்திரமே என்பதாம். 1990களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. மின்சாரம் அற்று, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாய் இருந்த அக்காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைச் சுழற்றி, டைனமோவின் வலுவால் வானொலிச் செய்தி கேட்டோம். மிதி நின்றால் செய்தியும் நின்றது. அங்கே வருவாய் இருந்தது, சேமிப்பு இல்லை. இரண்டு அடுக்குகளை வைத்து மின்னேற்றும் வழி தேடாதவரிடத்தே சேமிப்பு இருக்கின்றது, வருவாய் இல்லை. இரண்டுங் குறையே.

ஆகவே வரவுசெலவுக் கணக்கொன்று எழுதிப் பார்ப்பாம். குளிர்சாதனப் பெட்டி விட்டுவிட்டு இயங்குவதால் சராசரி 2 அம்பியர் பெறுமெனக் கொள்வோம். 24 மணிக்கு 48 அம்பியர்மணி. விளக்குகள் 1 அம்பியர் வீதம் 5 மணிக்கு 5 அம்பியர்மணி. நீரிறைக்கும் சிறு பம்பிக்கு 2. தொலைபேசி முதலியவற்றுக்கு 5. ஆக ஒருநாட் செலவு 60 அம்பியர்மணி. ஈயவமில அடுக்கை அதன் கொள்ளளவிற் பாதிக்குமேல் இறக்காதிருத்தல் நலம். எனவே 100 அம்பியர்மணி எனப் பெயர்பொறித்த ஓர் அடுக்கில் நாம் செலவிடத்தக்கது 50 மாத்திரமே, ஒருநாளைக்குப் போதாது. இரண்டு இருப்பின் 100. ஏறத்தாழ 40 மணித்தியாலத்துக்குப் போதும். அதன்பின் வருவாய் வேண்டும். 200 உவாற்றுச் சூரியத்தகடு ஒன்று, நல்ல வெயில் 5 மணித்தியாலம் கிடைக்கும் நாளில், இழப்புகள் போக ஏறத்தாழ 60 அம்பியர்மணி தரவல்லது. அந்நாளில் வரவும் செலவும் ஒக்கும். மழைநாளுக்கே இரண்டாவது அடுக்கு.

ஒத்தன கூடுதல்

இரண்டு அடுக்குகளைத் தொடராக இணைத்தால் மின்னழுத்தம் கூடி 24 உவோற்றாகும். 12 உவோற்றுக்கென அமைந்த கருவிகள் பழுதுறும். ஈண்டு வேண்டுவது சமாந்தர இணைப்பு: நேர்முனை நேர்முனையோடும், மறைமுனை மறைமுனையோடும். இங்கே மின்னழுத்தம் மாறாது, கொள்ளளவு கூடும்.

ஒரே வகையும் ஒரே அளவும் ஒரே வயதும் உடைய இரண்டு இங்ஙனம் கூடும்போது, பயன் இரட்டிப்பினும் மிகும். காரணம் இரண்டு. 100 அம்பியர்மணி என்று பொறித்திருப்பது, பொதுவாக 5 அம்பியர் வீதம் 20 மணித்தியாலம் தரும் என்பதையே குறிக்கும். 20 அம்பியர் வீதம் பெற்றால் 5 மணித்தியாலம் தாங்காது, முன்னரே தளர்ந்துவிடும். விரைந்து கறந்தால் மொத்தத்திற் குறைந்து சுரக்கும் இவ்வியல்பை 1897இல் ஜெர்மானியரான போய்க்கேற் ஒரு விதியாக வகுத்தார். இரண்டு அடுக்குகள் சுமையைப் பகிரும்போது ஒவ்வொன்றும் பாதி வேகத்திலேயே கறக்கப்படுகின்றது. ஆதலின் ஒவ்வொன்றும் தனித்திருந்தபோது தந்ததினும் மிகுதியாகத் தரும். அன்றியும், 50 அம்பியர்மணிச் செலவு ஓர் அடுக்கைப் பாதியளவு வெறுமையாக்கும். இரண்டாயின் ஒவ்வொன்றும் காற்பங்கே வெறுமையாகும். ஆழ இறங்காத அடுக்கு பன்முறை ஏறியிறங்கும் ஆற்றலுடையது, ஆயுளும் நீளும்.

ஒவ்வாதன கூடுதல்

இனித் தமையனாரின் அடுக்குகளுக்கு வருவோம். சமாந்தரமாக இணைந்த இரண்டும் எப்பொழுதும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்றல் வேண்டும். அது இணைப்பின் நியதி. பழைய அடுக்கு, எவரும் பயன்படுத்தாதபோதும் தன்னுள்ளே தானே கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அது சிறிது இறங்கியவுடன், உயர்ந்து நின்ற புதிய அடுக்கு தன் மின்னை அதனுள் ஊற்றியது. அது மீண்டும் கசிந்தது. இது மீண்டும் ஊற்றியது. விளக்கில்லை, விசிறியில்லை, குளிர்சாதனப் பெட்டியுமில்லை. ஆயினும் இரவும் பகலும் செலவு நடந்தது. இரண்டு மாத முடிவில் இரண்டும் வெறுமையாயின. வெறுமையாய்க் கிடந்தமையாற் புதியதன் தட்டுகளிலும் சல்பேற்று இறுகியது. பழைய அடுக்கின் ஆறு கலங்களுள் ஒன்று உட்குறுக்காகிப் பழுதுறின், அழிவு இன்னும் விரைவாகும். ஐந்து கலங்கள் தருவது 10.5 உவோற்று, பக்கத்தில் நிற்பதோ 12.6. அவ்வேறுபாட்டால் பாயும் மின்னோட்டம் பழையதைச் சூடேற்றி வாயுவைக் கக்கச் செய்யும்.

ஆகவே, பழையதை விட்டுவிட மனமில்லாது புதியதோடு கட்டுதல் சிக்கனமன்று. வகையால் வேறுபட்டவற்றுக்கும் இதுவே விதி. எஞ்சினை முடுக்கும் அடுக்கு, மெல்லிய பல தட்டுகளைக் கொண்டு, சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் தருவது; ஆழ இறக்கினால் விரைவிற் கெடும். வீட்டுச் சுமை தாங்கும் அடுக்கு, தடித்த தட்டுகளைக் கொண்டு, மெல்ல நெடுநேரம் தருவது. இவ்விரண்டையும் நிரந்தரமாக ஒன்றுசேர்த்தல் தகாது. இக்காலத்து இலிதியம் இரும்புப் பொசுபேற்று அடுக்கையும் ஈயவமில அடுக்கோடு நேரே இணைத்தலாகாது. நிறைந்த இலிதியம் அடுக்கு ஓய்விலும் 13 உவோற்றுக்கு மேல் நிற்கும். அதன் அகத்தடையும் மிகச் சிறிது. மின்னேற்றும் முறையும் வேறு. அதனை உறைநிலைக்குக் கீழ்ப்பட்ட குளிரில் மின்னேற்றினால் பழுதுறும் என்பதும் அறியத்தக்கது.

இணைக்கும் முறை

இணைக்குமுன் இரண்டையும் தனித்தனியே முழுமையாக மின்னேற்றி, சில மணித்தியாலம் ஓய்வில் வைத்து, மின்னழுத்தம் ஒத்திருத்தலை அளந்தறிதல் வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் முதலியவற்றைக் கழற்றிவிடல் நன்று. ஏனெனில் முனைகளிரண்டின் குறுக்கே ஓர் உலோகத்துண்டு விழுந்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட அம்பியர் பாயக்கூடும். ஸ்பானரே பழுக்கக் காயும். 12 உவோற்று உடலைத் தாக்காது என்பது உண்மை. அது சுடாது என்பது பொய். கழற்றும்போது மறைமுனையை முதலிலும், பூட்டும்போது அதனை ஈற்றிலும் கொள்க.

ஒவ்வோர் அடுக்கின் நேர்முனைக்கும் அண்மையில் ஓர் உருகி அமைதல் வேண்டும். உருகி கருவியைக் காப்பதற்கென்று பலர் எண்ணுவர். முதன்மையாக அது காப்பது கம்பியை. உருகியில்லாத கம்பி உராய்ந்து குறுக்காகுமாயின், அதுவே தீக்கொள்ளியாகும். அதன்மேற் படுக்கையும் படுக்கையில் உறங்குவோரும் உள்ளனர்.

சுமைக்குச் செல்லும் கம்பிகள் இரண்டையும் ஒரே அடுக்கிலிருந்து எடுத்தலாகாது. நேர்க்கம்பியை முதலாவதிலிருந்தும் மறைக்கம்பியை இரண்டாவதிலிருந்தும் எடுத்தல் வேண்டும். அடுக்கின் அகத்தடை ஓர் ஓமின் ஆயிரத்திற் சில பங்கே ஆதலால், இடையிணைப்புக் கம்பியின் சிறு தடையும் பங்கீட்டைக் குலைக்கும். மூலைக்கு மூலை எடுப்பின் இருவழித் தடையும் சமமாகும். சுமையும் சமமாகப் பகிரப்படும்.

மின்னேற்றும்போது ஈயவமில அடுக்கிலிருந்து ஐதரசன் வெளிப்படலாம். அது காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே வெடிக்கத்தக்கது. ஆதலின் புறத்தே காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்தல் இன்றியமையாதது. எடையும் கருதற்பாலது. 100 அம்பியர்மணி அடுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கிலோகிராம் வரை நிறையுடையது. அதனை வண்டியின் பின்கோடியில் வைத்தால் வேகத்தில் வண்டி வால்வீசும்; சக்கர அச்சுக்கு அண்மையில் இறுகக் கட்டுதலே தக்கது.

வழியில் மின்னேற்றல்

மோட்டார் வண்டி ஓடும்போது அதன் மின்பிறப்பாக்கியால் கரவனின் அடுக்குகளை மின்னேற்றலாம். இடையில் தன்னியக்க ஆளியொன்று இருத்தல் வேண்டும். எஞ்சின் இயங்கி மின்னழுத்தம் ஏறத்தாழ 13.3 உவோற்றுக்கு உயரும்போது அது இணைக்கும், 12.8க்கு இறங்கும்போது பிரிக்கும். ஏறும்போது கூடியும் இறங்கும்போது பிரிந்தும் இருப்பதால், இரவிற் குளிர்சாதனப் பெட்டி எதனைத் தீர்த்தாலும் காலையில் எஞ்சினை முடுக்க மோட்டார் வண்டியின் அடுக்கு நிறைந்தே நிற்கும்.

ஆயினும் கம்பியின் தடையை மறத்தலாகாது. மின்பிறப்பாக்கியிலிருந்து கரவனுக்கு 8 மீற்றர் தூரம் எனக் கொண்டால், போக்கும் வரவுமாகக் கம்பி 16 மீற்றர். 6 சதுரமில்லிமீற்றர்ச் செப்புக்கம்பியாயின் தடை ஏறத்தாழ 0.047 ஓம். 20 அம்பியர் பாயும்போது வழியிலேயே 0.93 உவோற்று இழக்கப்படும். புறப்படும்போது 14.2ஆக இருந்தது சேரும்போது 13.3 ஆகும். நிறைந்த அடுக்குக்கும் தீர்ந்த அடுக்குக்கும் உள்ள வேறுபாடே ஓர் உவோற்றினுங் குறைவு என மேலே கூறினோம். அவ்வளவும் கம்பியிலே போயிற்று. இந்நிலையில் அடுக்கு நிறைவதற்கு நெடுநேரம் செல்லும். 16 சதுரமில்லிமீற்றர்க் கம்பி இடின் இழப்பு 0.35 உவோற்றாகக் குறையும். புதிய மோட்டார் வண்டிகள் பலவற்றில் எரிபொருளைச் சிக்கனஞ் செய்யும்பொருட்டு மின்பிறப்பாக்கி தன் அழுத்தத்தைத் தானே தாழ்த்திக்கொள்ளும். அவற்றுக்குத் தன்னியக்க ஆளி மாத்திரம் போதாது. வந்த அழுத்தத்தை வேண்டிய அளவுக்கு உயர்த்தித் தரும் மின்னேற்றி ஒன்றைக் கரவனில், அடுக்குகளின் அண்மையிற் பொருத்துதல் வேண்டும்.

முடிவு

2024இல் தமையனார் பழைய இரண்டையும் நீக்கி, ஒரே வகையினவாய் ஒரே நாளில் வாங்கிய இரண்டை, மேற்கூறிய முறையில், தகுதிபெற்ற மின்வினைஞர் ஒருவரைக்கொண்டு பொருத்தினார். வண்டி ஓய்ந்திருக்கும் காலத்தில் மாதமொருமுறை அளந்து, குறிப்பேட்டில் எழுதி வருகின்றார். அதன்பின் சென்ற பயணங்களில் அன்னையாரின் மருந்து ஒருநாளேனும் வெப்பமுறவில்லை என்று தொலைபேசியிற் கூறினார்.

மின்னழுத்தம், மின்னோட்டம், தடை ஆகிய மூன்றையும் பிணைக்கும் ஓமின் விதியைப் பத்தாம் வகுப்பில் யானும் மனனஞ் செய்தேன், பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றேன், பின்னர் மறந்தேன். வழியில் இழந்த 0.93 உவோற்றைக் கணித்தது அவ்விதியே. மூலைக்கு மூலை கம்பி எடுக்கச் சொன்னதும் அதுவே. விதியை மறந்தவர் இருவர் ஒரு வண்டியிற் பயணஞ் செய்தமையால் ஒரு முதியவரின் மருந்து கெட்டது. இன்று அவ்விதியைப் படிக்கும் மாணவர், அது பரீட்சை மண்டபத்தோடு முடிவதன்று என்பதை நினைவிற் கொள்வாராக.